செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் நம் சென்னை அயர்லாந்து நட்புச் சங்கத்து உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும். படிப்பார்களா என்பது தெரியாது.

கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராததால் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்து, விதிப்படி அதே இடத்தில் மறுபடியும் கூட்டியிருக்கிறோம். இதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

அயர்லாந்தின் தேசிய விழாவான மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தின விருந்து வழக்கம்போல நடந்தது, இடம் போதவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலைக் கொண்டாடும் ஜூன் 16 ப்ளூம்ஸ்டே வாசிப்பும் நடந்தது, இடம் நிறைய இருந்தது. ஜூன் 23 அன்று, 1985இல் அயர்லாந்தின் தென்மேற்குக் கடலில் விழுந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் இறந்த 329 பேரை நினைத்து மௌன அஞ்சலி செலுத்தினோம். இது 40ஆம் ஆண்டு. அங்கே கடலோரக் கிராமமான அஹகிஸ்டாவில் ஒவ்வோர் ஆண்டும் நினைவுக் கூட்டம் நடத்துகிறார்கள். அகமதாபாத் விமான விபத்து நடந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது என்பதால் யாருக்கும் சீக்கிரம் உட்காரத் தோன்றவில்லை. செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடியது.

பேட்ரிக் தினத்தன்று உலகமெங்கும் கட்டடங்களுக்குப் பச்சை விளக்குப் போடும் வழக்கம் 2010இல் சிட்னி ஒபரா ஹவுஸில் தொடங்கியது. நம் ஊரிலும் ஒரு கட்டடத்துக்குப் போடலாம் என்று விண்ணப்பித்தோம். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பு எண் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வணிகப் பிரிவு செப்டம்பரில் விமானக் குத்தகை பற்றி ஒரு பேச்சுக்கு ஏற்பாடு செய்தது. நல்ல பேச்சு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகில் குத்தகைக்கு ஓடும் விமானங்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து வழியாகத்தான் நிர்வகிக்கப்படுகின்றன. 1975இல் டோனி ரயான் போன்றவர்கள் ஷானனில் தொடங்கிய கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற ஒரு கம்பெனியிலிருந்து வளர்ந்த தொழில் இது. 2023இல் இந்திய விமான நிறுவனமான கோ ஃபர்ஸ்ட் திவாலானபோது, தங்கள் விமானங்களைத் தாங்களே திரும்ப எடுக்க முடியாமல் ஐரிஷ் குத்தகைக் கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனதும், அதற்குப் பிறகு 2025இல் நம் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்ததும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. எனக்கும்தான். பேச்சு முடிந்ததும் விசிட்டிங் கார்டு பரிமாற்றம் ஒரு மணி நேரம் நடந்தது. அப்படிக் கார்டு கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, சென்னையிலுள்ள ஐரிஷ் தடங்களைத் தேடிப் போகும் நமது பாரம்பரிய நடைக்கு வருகிறேன். இது 'செயலாளரின் சொந்தத் திட்டம்' என்று ஒரு பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது. செயற்குழுத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது தலைவர்.

சென்னையில் அயர்லாந்துக்கு ஒரு சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எழும்பூருக்கு வரச் சொல்கிறேன். கன்னிமாரா நூலகத்தில் தொடங்குகிறோம். அந்தப் பெயருக்குரிய கவர்னர் ராபர்ட் பர்க், அதாவது கன்னிமாரா பிரபு, அயர்லாந்தின் மீத் மாவட்டத்துக்காரர். அவர் வைத்திருந்த பட்டமோ கால்வே மாவட்டத்து மேற்குக் கரையின் பெயர். 1890இல் அடிக்கல், 1896இல் திறப்பு. கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினும் ஐரிஷ்காரர்தான். உயர் நீதிமன்றம் உட்பட இந்த ஊரின் பாதிச் சிவப்புக் கட்டடங்களில் அவர் கை இருக்கிறது.

அங்கிருந்து ஜார்ஜ் டவுன். (நடை என்று பெயர், பாதி வேன்.) 1842இல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் முதல் பள்ளியைத் தொடங்கியது அங்கேதான். சர்ச் பார்க் பள்ளி 1909இல் அவர்கள் தொடங்கியது. அங்கே படித்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓர் ஐரிஷ் சிஸ்டர் ஆறாம் வகுப்பில் பரிசாகக் கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். உள் அட்டையில் நீல மையில் சாய்வெழுத்து, கீழே காலி ஜெபமாலை உறை ஒன்று ஒட்டியிருந்தது. மை கலையக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டு, யார் கையிலும் தராமல் தானே பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வேன் டிரைவரும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு மெரினாவில் கால்டுவெல் சிலை. இங்கேதான் சண்டை. கால்டுவெல் ஸ்காட்லாந்துக்காரர், அவரை நடையில் சேர்த்தது தவறு என்று ஓர் உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து செய்திகள் போட்டார். அதில் நான்கு இரவு பதினொரு மணிக்கு மேல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது உண்மை. அவர் 1814இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டம். தாத்தா பாட்டியில் ஒருவர் அந்தத் தீவில் பிறந்திருந்தாலே பேரனுக்குக் குடியுரிமை கொடுக்கிற நாடு அது. 1998 வாக்கெடுப்பில் திருத்திய அரசியலமைப்பின் 2ஆம் பிரிவிலேயே, வெளிநாடுகளில் வாழும் தங்கள் வம்சாவளியினரோடு தனிப் பிணைப்பு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களே இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, அங்கேயே பிறந்த ஒருவரை நாம் ஏன் விரட்ட வேண்டும்? கால்டுவெல் நடையில் இருப்பார். அந்த உறுப்பினர் ஒருமுறையாவது நடைக்கு வந்துவிட்டு எழுதியிருந்தால் இன்னும் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன்.

கடைசி நிறுத்தம் அடையாறு. மார்கரெட் கசின்ஸ் அம்மையார் ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் ஊரில் 1878இல் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1910இல் லண்டன் ஹாலோவே சிறை, 1913இல் அயர்லாந்தின் டல்லமோர் சிறை. 1915இல் கணவர் ஜேம்ஸ் கசின்ஸுடன் இங்கே வந்து, 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்க முன்னின்றார். 1921இல் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1919இல் மதனப்பள்ளிக்குத் தாகூர் வந்திருந்தபோது 'ஜன கண மன'வுக்கு இசைக்குறிப்பு எழுதியவரும் இவர்தான். 1932இல் வேலூர் சிறை. அவர் இறந்ததும் இந்த அடையாறில்தான், 1954இல். மூன்று நாட்டுச் சிறை பார்த்த இந்த அம்மையார் பற்றி நம் விருந்து மேடையில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. குலுக்கல் பரிசுக்கு இருபது நிமிடம் ஒதுக்குகிறோம்.

நடைக்கு எந்த மாதமும் ஒன்பது பேருக்கு மேல் வந்ததில்லை. மே மாதம் நானும் டிரைவரும் மட்டும். அந்த வாடகை சங்கக் கணக்கில் இல்லை, பொருளாளருக்குத் தெரியும்.

வந்தவாசிப் பயணத்தை ரத்து செய்தது பற்றிக் கேட்டிருந்தார்கள். 1760 ஜனவரி 22இல் அங்கே மோதிய இரு தளபதிகளும் அயர்லாந்துத் தொடர்புள்ளவர்கள். ஆங்கிலேயர் பக்கம் லிமரிக் மாவட்டத்து அயர் கூட், பிரெஞ்சு பக்கம் லாலி. லாலியின் தந்தை கால்வேயிலிருந்து பிரான்சுக்குப் போனவர். இதைவிட நல்ல காரணம் வேண்டுமா ஒரு வேன் பிடிக்க? இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. முன்பணம் திரும்பி வரவில்லை.

அயர்லாந்துக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்கான வழிகாட்டுக் கூட்டம் ஜூலையில் நடந்தது. முதுகலை முடித்தபின் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடலாம், ஆனால் டப்ளினில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு என்று அங்கிருந்து திரும்பியவர்கள் சொன்னார்கள். அடுத்த சில வாரங்களில் அங்கே இந்தியர்கள் சிலர் தாக்கப்பட்ட செய்திகள் வந்தன. டப்ளினில் நடக்கவிருந்த இந்திய தின விழாவையே தள்ளி வைத்தார்கள். பெற்றோர்கள் என்னைத்தான் போனில் பிடித்தார்கள். அந்த நாட்டின் அப்போதைய அதிபர் ஹிகின்ஸ் அந்தத் தாக்குதல்களை வெளிப்படையாகக் கண்டித்ததைச் சொன்னேன். 45,000க்கு மேல் இந்தியக் குடிமக்கள் அங்கே வாழ்வதாக 2022 கணக்கெடுப்பு சொல்வதையும், மருத்துவமனைகளில் நம்மூர் நர்சுகள் எத்தனை பேர் என்பதையும் சொன்னேன். பிள்ளை ராத்திரி பஸ்ஸில் வரலாமா என்று கேட்ட அம்மாவுக்கு இதெல்லாம் பதில் ஆகாது. அங்கே இருக்கும் நம் முன்னாள் உறுப்பினர்கள் சிலருடைய எண்களை அவர்கள் சம்மதத்தோடு கொடுத்தேன். நட்புச் சங்கம் என்றால் நல்ல செய்தி மட்டும் பேச வேண்டும் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணக்கு. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, தணிக்கை முடியும் நிலையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ் அமைப்புகளுக்கு அந்த அரசு 2004 முதல் ஒரு திட்டத்தின் கீழ் நிதி தருகிறது, நாமும் கேட்கலாமே என்கிறார்கள். நமக்குத் தகுதி உண்டா என்பது அப்புறம். முதலில் தணிக்கை முடிந்த கணக்கு வேண்டும்.

ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், மாதம் நூறு. உறுப்பினர் பட்டியலில் பாதிக்கு மேல் பாக்கி. விருந்துக்கு உறுப்பினர் சலுகை விலையில் டிக்கெட் வாங்கியவர்களிலும் அதே பாதி. விமானக் குத்தகைக் கூட்டத்தில் கார்டு கொடுத்தவர்களில் சந்தா கட்டியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

போன ஆண்டும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். 1847இல் அயர்லாந்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். சொந்த மண்ணிலிருந்து அவர்களைத் துரத்தி இருபது ஆண்டு கூட ஆகியிருக்கவில்லை. கார்க் மாவட்டத்து மிடில்டனில் அதற்காக எஃகுக் கழுகிறகுகளில் ஒரு சிற்பம் நிற்கிறது. சாக்டா மாணவர்களுக்கு அயர்லாந்து 2018இல் உதவித்தொகை அறிவித்தது. 2020இல் கொரோனாவின்போது, அந்தக் கடனை நினைத்து நவாஹோ, ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு ஆயிரக்கணக்கான ஐரிஷ்காரர்கள் பணம் அனுப்பினார்கள். இதைச் சந்தாவுக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், அதற்காகவும்தான்.

அரங்கம் தந்தவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், பேச்சாளர்களுக்கும், செயற்குழுவுக்கும், பொறுமையாக இருந்த என் வீட்டாருக்கும் நன்றி. வேன் டிரைவருக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் இளைஞர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். நடைக்கான குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. வந்தவாசிக்கு மறுபடி முயல நினைக்கிறேன், இந்த முறை பணம் கட்டியவர்களுக்கு மட்டும் இருக்கை. வேறு யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயும் உண்டு. காபியும் சமோசாவும் அவர் மேசையைத் தாண்டித்தான் வைத்திருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்