ஜீவனாம்ச பாக்கியும் பாஸ்போர்ட் முடக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சத்தைக் கட்டாதவர்களின் பாஸ்போர்ட்டை முடக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் வேறொரு கேள்வியும் அதனோடு சேர்ந்து குழம்பிவிடுகிறது. பிரிந்துவிட்ட பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடாதபடி குழந்தையின் பாஸ்போர்ட்டைத் தடுத்து வைப்பது பற்றியது அந்தக் கேள்வி. முதலாவது பாக்கி வசூல், இரண்டாவது ஒரு குழந்தையின் பாதுகாப்பு. குடும்ப வழக்குகளில் நெடுங்காலம் மனு எழுதியவன் என்ற முறையில், இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதால் நேரும் தீங்கைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாக்கிக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்கும் முறைக்கு அமெரிக்கா நன்கு அறியப்பட்ட உதாரணம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் 5,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்றது. 2006 அக்டோபர் முதல் அந்த வரம்பு 2,500 டாலராகக் குறைக்கப்பட்டது. மாநில அரசின் வசூல் அமைப்பு பெயரைச் சான்றளித்து மத்திய அரசுக்கு அனுப்ப, வெளியுறவுத் துறை விண்ணப்பத்தை நிராகரிக்கிறது. ஏற்கெனவே கொடுத்த பாஸ்போர்ட்டை ரத்து செய்யவும் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பாக்கி 2,500 டாலருக்குக் கீழே இறங்கியதும் பெயர் தானாகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முழுத் தொகையையும் கட்டிய பிறகே பெயரை நீக்கும் மாநிலங்கள் உண்டு என்பது பயணத் தேதி நெருங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

இந்த முறையால் பலனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் பணம் இருந்தும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுக்க மனமில்லாதவர், பயணம் தடைப்படும் என்றதும் முழுப் பாக்கியையும் ஒரே நாளில் கட்டிவிடுவார். ஆனால் கப்பலில் வேலை செய்பவருக்கும், ஒப்பந்தத்தின் பேரில் வெளிநாடு சென்று சம்பாதிப்பவருக்கும் பாஸ்போர்ட்தான் பிழைப்பு. அதை முடக்கினால் எந்த ஊதியத்திலிருந்து ஜீவனாம்சம் வர வேண்டுமோ அந்த ஊதியமே நின்றுபோகிறது. பாக்கி மேலும் ஏறுகிறது, குழந்தைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. கனடாவில் மூன்று தவணைகள் தவறினாலோ 3,000 டாலர் பாக்கி சேர்ந்தாலோ பாஸ்போர்ட்டை நிறுத்திவைக்கக் கோரலாம். ஆனால் அதற்கு முன்பே கடனாளிக்கு அறிவிப்பு அனுப்பி, தவணைத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் நாட்டைவிட்டு வெளியேறவே தடை விதிக்கும் அதிகாரம் ஜீவனாம்சப் பதிவாளருக்கு உண்டு என்றாலும், தகுந்த பிணை கொடுத்தவருக்குப் பயண அனுமதிச் சான்று வழங்கவும் அவருக்கு வழி இருக்கிறது. கட்ட முடியாதவரையும் கட்ட மறுப்பவரையும் பிரித்துப் பார்க்க இத்தகைய ஏற்பாடுகள் உதவுகின்றன. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்றும், பாஸ்போர்ட்டைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் சொன்னது, பாக்கி வைத்த தகப்பனுக்கும் பொருந்தும்.

குழந்தையின் பாஸ்போர்ட் விஷயத்தில் என் நிலைப்பாடு வேறு. அங்கே தாமதம்தான் ஆபத்து. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, ஒரு நாட்டிலிருந்து முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்ட, 16 வயது நிறையாத குழந்தையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது. ஆறு வாரங்களுக்குள் முடிவெடுக்க முயல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்தியா உட்பட அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்குக் குழந்தை போய்விட்டால், பெற்றவர் அந்த நாட்டின் நீதிமன்றத்தில் முதலிலிருந்து வழக்காட வேண்டியிருக்கிறது. இடையில் குழந்தை புதிய மொழிக்கும் பள்ளிக்கும் பழகி, பிரிந்த பெற்றவரின் முகத்தையே மறக்கத் தொடங்குகிறது.

முன்கூட்டியே தடுக்கும் வழிகளிலும் ஓட்டைகள் உண்டு. பெற்றோர் பலர் அவற்றை அறியாமல் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் பெற, பொதுவாகப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். குழந்தையின் பெயரில் யாராவது விண்ணப்பித்தால் பெற்றோருக்குத் தகவல் தரும் எச்சரிக்கைத் திட்டமும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் ஏற்கெனவே கையில் உள்ள பாஸ்போர்ட்டைச் செல்லாததாக்காது. இரட்டைக் குடியுரிமை உள்ள குழந்தைக்கு மற்ற நாட்டின் தூதரகம் பாஸ்போர்ட் கொடுப்பதையும் தடுக்காது. அந்நாட்டை விட்டு வெளியேறும்போது அரசு அதிகாரிகள் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் நிறுத்திச் சோதிக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே ஒரு பாஸ்போர்ட்டை மட்டும் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு, இன்னொன்று வைத்திருப்பவருக்குத் தடையே ஆகாது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பவர்களில் பலர் நீதிமன்றத்தையே பார்க்காதவர்கள். மனைவியுடையதையும் குழந்தையுடையதையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர்கள். அடி உதைக்குப் பயந்து பிறந்த வீட்டுக்குத் திரும்ப நினைக்கும் ஒரு தாயைக் குழந்தை கடத்துபவள் என்று முத்திரை குத்தவும் இதே சட்டம் கருவியாகிவிடக்கூடும். குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேரும் அபாயம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று ஹேக் உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அபாயத்தை நிரூபிக்கும் சுமை, பெரும்பாலும் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் ஓடி வந்தவர் மீதே விழுகிறது.

எனவே குடும்ப நீதிமன்றங்களிடம் நான் கேட்பது இதுதான். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற பொறுப்புரிமை வழக்கு முதல் வாய்தாவுக்கு வரும்போதே, குழந்தையின் பெயரில் எந்தெந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் உள்ளன, யாரிடம் உள்ளன என்று இரு தரப்பிடமும் பிரமாண வாக்குமூலம் வாங்கி, அவை அனைத்தையும் நீதிமன்றப் பாதுகாப்பில் வைக்க வேண்டும். பயணம் அவசியமானால் போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் முகவரி ஆகியவற்றோடு குறிப்பிட்ட அந்தப் பயணத்துக்கு மட்டும் விடுவிக்கலாம். வன்முறைக்கு ஆளானதாகச் சொல்பவரின் சொந்தப் பாஸ்போர்ட் வேறொருவர் பூட்டி வைத்த அலமாரியில் இருந்தால், அதை அவரிடமே திருப்பித் தரும் உத்தரவும் அதே நாளில் வர வேண்டும். ஜீவனாம்ச பாக்கிக்கான முடக்கத்தை, கடனாளியின் தொழிலையும் வருமானத்தையும் விசாரித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வாரம் பொறுப்பதால் பாக்கி அழிந்துபோய்விடாது.

இப்படிக்கு,
குடும்ப நல வழக்கறிஞர் ஒருவர்