பாறை வெடிப்பில் ஒரு நீலப்பூ

டென்வர், ஜூலை 28

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விட மாட்டாய் என்று தெரியும். தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு மாப்பிள்ளை ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ட்ரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. நம் தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் ஆயிரம் மீட்டர். நாலு எட்டு வைத்தாலே இரைக்கிறது. மூச்சு வாங்க ஒரு பாறையோரம் உட்கார்ந்தேன். அதனால்தான் கண்ணில் பட்டது: வெடிப்புக்குள் வேர்விட்டு, ஒரு சாண்கூட இல்லாத செடி, தலை கவிழ்ந்த நீலப்பூ. அக்விலீஜியா சாக்ஸிமொன்டானா. கொலம்பைன் என்ற பூச்செடி இனத்தில் ஒன்று, கொலராடோ மலைகளைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காதது.

காசித்தும்பைப் பூவுக்குப் பின்னால் ஒரு வால் இருக்குமே, தேன் தேங்குவதற்கு? கொலம்பைனுக்கு ஐந்து. இங்கே 1899இலிருந்து மாநில மலராக இருப்பது இதன் அக்கா, அக்விலீஜியா செருலியா. நிமிர்ந்து பார்க்கும், வால் விரல் நீளம். பருந்து அந்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சிதான் அடிவரை எட்டும். நம்ம ஆளுக்கு வால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, நுனி தூண்டில் முள்போல வளைந்திருக்கிறது. உனக்குப் பிடித்த சேதி ஒன்று: வால் நீள்வது பெரும்பாலும் செல்கள் பெருகுவதால் அல்ல, ஒவ்வொரு செல்லும் இழுபட்டு நீள்வதால்தான் என்று கண்டிருக்கிறார்கள். ரசாயனம் படித்த எனக்கே சிலிர்த்தது!

மகள் இரண்டு வருஷம் முன்பு ஒரு நர்சரியில் இதே பெயர் போட்ட விதை வாங்கினாள். முளைத்தது முழங்கால் உயரம், நீள வால். தோட்டத்தில் கொலம்பைன்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுமாம். பாக்கெட்டில் அச்சடித்த பெயரை நம்பிப் பயனில்லை.

அசலைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. பூங்காவில் பறிக்கக்கூடாது. வெளியே பொது நிலத்தில்கூட மாநில மலரை ஒரு நாளைக்கு 25க்கு மேல் பறிக்கக்கூடாதென்று 1925லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். யார் எண்ணுவார்களோ! நான் இதழை விரல் நுனியால் தொட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

படம் அனுப்பியிருக்கிறேன், காற்றில் ஆடிப்போயிருக்கிறது. வால் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்காதே, ஸ்கேல் கொண்டு போகவில்லை. அக்டோபரில் வருகிறேன்.

உன்
ராமு