வெளிவீதி, மண்டப விளக்குத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சபையோருக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

அம்மன் அருளால், வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்குமுன் விளக்குத் திருப்பணி நிறைவெய்தியது. பற்றுச்சீட்டுகள் அனைத்தும் பொருளாளரிடம் உள்ளன. யாரும் வந்து பார்க்கலாம். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: விளக்குக்குள் ஒளிந்திருந்து எல்.ஈ.டி.களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டிக்கு ஏன் இவ்வளவு செலவு? நியாயமான கேள்வி. இந்த அறிக்கை பெரும்பாலும் அதற்கான பதில்தான்.

பழைய எல்.ஈ.டி. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபோதெல்லாம் "சரக்கு மட்டம்" என்று சொல்லிப் புதிது வாங்கி மாட்டுவதே வழக்கமாயிருந்தது. இம்முறை மின்னியலாளர் அவற்றைக் கழற்றி மண்டபத் தரையில் பரப்பித் திறந்து காட்டினார். ஒவ்வொரு விளக்கிலும் 12 எல்.ஈ.டி.கள் தொடராகக் கோக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றின் நடுவில் மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி; மற்றப் பதினொன்றும் நல்ல நிலையில். டிரைவரின் சுற்றுப் பலகையிலோ, மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கொள்ளளவியின் (கப்பாசிற்றர்) தலை வீங்கிப் பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. வேறு சிலவற்றில் எல்.ஈ.டி.க்கு ஒன்றுமில்லை, கடற்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்துத் தொடுகை விட்டிருந்தது. கடலோரமான நம் எழுவான்கரையில் இது புதுமையல்ல.

டிரைவரின் வேலை மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பது. நம் விளக்குகளில் அது 350 மில்லி அம்பியர். வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் என்றால் 12 எல்.ஈ.டி.களுக்கும் 36. தொடரில் ஓரிடம் அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் போதவில்லை என்றே டிரைவர் கணக்கிட்டு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துவதைப் போன்றது இது. அழுத்தத்தை இறக்கித் தரும் 'பக்' வகை டிரைவர் தனக்குள் வரும் அழுத்தத்துக்கு மேல் போகாது. அழுத்தத்தை ஏற்றியும் தரவல்ல 'பூஸ்ட்', 'ஃப்ளைபேக்' வகைகளுக்கு அப்படியொரு கூரை இல்லை. பாதுகாப்பு வைக்காவிட்டால் கொள்ளளவியோ டிரான்சிஸ்டரோ வெடித்த பின்புதான் நிற்கும். நம் பழைய டிரைவர்கள் ஃப்ளைபேக் வகை. ஆக, ஒரு சிறு எல்.ஈ.டி. பழுதாக, அதன் பின்னால் டிரைவரும் போயிருக்கிறது.

புதிய டிரைவர்களில் வெளியீட்டு மின்னழுத்தத்தின் ஒரு பங்கை இரண்டு மின்தடைகள் பிரித்துக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு (சிப்) சொல்லிக்கொண்டிருக்கும். 46 வோல்ட்டை எட்டினால் சில்லு நிறுத்திவிடும்; சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். 36-க்கு மேல் போதிய இடைவெளி. கொள்ளளவி தாங்கக்கூடிய 63-க்குக் கீழேயும் போதிய இடைவெளி. வாங்குமுன் கடைக்காரர் முன்னிலையிலேயே எல்.ஈ.டி.யைக் கழற்றி மீற்றரை வைத்துப் பார்த்தோம். மலிவான மாதிரி 60-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்ததால் அவரே பாய்ந்து சுவிட்சை அணைத்தார். அதற்குமேல் விலை பேசத் தேவையிருக்கவில்லை.

இது உள்ளே பிறக்கும் மிகை அழுத்தம். வெளியிலிருந்து வருவது வேறு கதை. சென்ற சடங்கில் நிறைவுச் சடங்கான குளிர்த்தியன்று மண்டப விளக்குகள் ஒரு கணம் கண்ணைக் கூசவைத்து ஒட்டுமொத்தமாக அணைந்தது நினைவிருக்கும். நம் பிரதான மின் பலகையில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியான நியூட்ரலின் இணைப்பு துருப்பிடித்துக் கழன்றதே காரணம். மூன்று பேஸ் (மின்சாரம் வரும் மூன்று தனிக் கம்பிகள்) இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த பேஸின் அழுத்தம் 230-ஐ விட்டு 400-ஐ நோக்கி ஏறும். ஒலிபெருக்கியும் மடைப்பள்ளியும் மற்றப் பேஸ்களில், சிக்கனமான எல்.ஈ.டி.கள் தனிப் பேஸில். சிக்கனமே வினையாயிற்று. டிரைவர் வாசலில் இருந்த, மிகை அழுத்தத்தை உள்வாங்கும் 275 வோல்ட் வாரிஸ்டர்கள் கருகிப்போயின. மின்னலின் கணநேர அடியை வாங்கத்தான் அவை. நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகையை அவை தாங்கமாட்டா.

ஆகவே பலகையில் இரண்டு காவல். மின்னலுக்குத் தனிப் பாதுகாப்புக் கருவி, புதிய புவித்தொடுப்புடன். நீடிக்கும் மிகைக்குத் தானாக இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே: 260 வோல்ட்டைக் கடந்தால் விளக்குச் சுற்றுகளைத் துண்டித்து, சீரானபின் சற்றுத் தாமதித்து இணைக்கும். வழங்கலில் அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 6 வீதம், அதாவது 244 வரை. அதற்கும் வாரிஸ்டரின் 275-க்கும் நடுவில் இந்த அளவு பொருந்துகிறது. சடங்குக் காலத்து ஜெனரேட்டரும் இனி இந்த ரிலேயைத் தாண்டித்தான் வரவேண்டும்.

விளக்கு மூடிகளில் பெயர் எழுதக் கேட்டவர்களைக் கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கர் அன்போடு மறுத்துவிட்டார். பெயர்கள் கல்வெட்டில் வரும். டிரைவருக்கு உபயம் செய்ய மட்டும் ஒருவரும் முன்வரவில்லை, அதில் பெயர் தெரியாது அல்லவா! அச்செலவைப் பொது நிதி ஏற்றது.

இனி ஒரு கண்டிப்பு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் எவரும் விளக்கின் இணைப்பைக் கழற்றி மாட்டக்கூடாது. கழற்றியதும் கொள்ளளவி 46 வோல்ட்டுக்கு நிரம்பி நிற்கும். மாட்டிய கணமே அது 36 வோல்ட் எல்.ஈ.டி.களுக்குள் கொட்டி அவற்றைச் சுட்டுவிடும். முதலில் பலகையில் அணைத்து, சில நிமிடம் பொறுத்தே கைவைக்க வேண்டும். இதைப் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். உதிரி டிரைவர்கள் களஞ்சிய அறையில் உள்ளன, சாவி பூசகரான கட்டாடியாரிடம். மடைப்பள்ளி வயரிங் மட்டும் பாக்கி. அடுத்த பொதுக்கூட்டத்தில் மதிப்பீடு முன்வைக்கப்படும்.

செயலாளர்,
திருப்பணிச் சபை