கோடியக்கரைக்கு ஒரு கூடாரத் திடல்

வனத்துறை, சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

பூநாரையும் வெளிமானும் பார்க்கப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் இப்போது காரில் கூடாரத்தையும் ஏற்றி வருகின்றன. 1967-இல் அறிவித்த சரணாலயத்துக்குள் அதை விரிக்க விடவே கூடாது. ராத்திரி டார்ச் வெளிச்சத்துக்கே மான்கூட்டம் கலைந்து ஓடும். நாங்கள் கேட்பது எல்லைக்கு வெளியே, வேதாரண்யம் சாலையை ஒட்டி, பத்துக் கூடாரம் கொள்ளும் ஒரு திடல்.

இடம் தேடும்போது முதலில் மண்ணைப் பாருங்கள். உவர்க்களி காய்ந்து கிடக்கையில் சிமென்ட் தரை போலிருக்கும். ஒரு மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, கார் சக்கரம் புதையும். அதன்மேல் இரண்டடி மணல் அடித்து, சுற்றிலும் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்ட வேண்டும். மணல் போட்டால் அடுத்த தொல்லை: கூடாரத்தோடு கடையில் தரும் ஒரு சாண் முளை புல்தரைக்குச் செய்தது. வாடைக்காற்று ஓர் இழுப்பு இழுத்தால் நாலு மூலையும் கிளம்பிவிடும். கூடாரத்துக்கு நாலு சவுக்குக் கட்டைகளை மூன்றடி ஆழம் இறக்கிவிடுங்கள். அதுவரை வருகிறவர்கள் உரச்சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கட்டும். வாசல் தென்மேற்குப் பார்க்க வேண்டும். வடகிழக்கில் வைத்தால் காற்று புகுந்து கூடாரம் உப்பிவிடும். அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீரை அதுவே ஏந்திப் படுக்கைக்கடியில் விடும். உள்ளே மடித்துவிட வேண்டும்.

தண்ணீர்க் குழாய் கட்டாயம். இந்தப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், நால்வருக்கு இரண்டு நாளைக்கு 32 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு போதும். குளிக்க அது காணாது.

விறகடுப்பு வேண்டாம், சருகில் ஒரு பொறி போதும். காற்றுக்கு அணைகிறதென்று கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஆகவே மூன்றடிச் சுவரோடு பொதுச் சமையல் கொட்டகை ஒன்று வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி மட்டும் போதாது, கொக்கியும் வேண்டும். குரங்குக்கு மூடி ஒரு பொருட்டே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் திடலைப் பூட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். பொங்கல் கழிந்து திறந்தால், மாசி முடிய மழைக்கு அஞ்சாமல் தங்கலாம், பறவைகளும் இருக்கும்.