அமாவாசை ஓதமும் அரிச்சல்முனை வண்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடிக் கரையில் சுற்றுலா வேனோ காரோ மணலில் புதைந்து, ஏறிவரும் கடல்நீரில் மாட்டிக்கொண்டால், ஓட்டுநரின் அசட்டுத் துணிச்சல் என்ற ஒரே பேச்சோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. துணிச்சல் இருக்கிறதுதான். ஆனால் இந்தக் கரையில் நீர் எப்போது ஏறும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல ஏற்பாடு ஏதும் இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் நீர் விளிம்பிலும் உள்ளூர் ஜீப்புகளும் வேன்களுமே ஆட்களை ஏற்றிச் சென்றன. எந்த இடத்தில் மணல் இறுகிக் கிடக்கும், எந்த வேளையில் போகக் கூடாது என்பது அவற்றை ஓட்டியவர்களுக்கு அத்துப்படி. இப்போது வருபவர் சொந்தக் காரிலேயே முனை வரை வந்துவிடுகிறார். சாலையை விட்டு இறங்கி நீரோரமாகப் படம் எடுக்க ஆசைப்படும்போது அவரைத் தடுத்துச் சொல்ல பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

நம் பகுதியில் ஓதம் எனப்படும் அன்றாடக் கடல்நீர் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் போல் பத்து மீட்டர் அளவுக்கு நீர் எழும்பினால் எவரும் பயந்து விலகி நிற்பார்கள். இங்கே கடல் சாதுவாகத் தெரிவதால்தான் ஏமாந்து போகிறார்கள். தட்டையான கரையில் நீர் ஒரு சாண் உயர்ந்தாலே பல அடி தூரத்துக்கு உள்ளே வந்துவிடும். ஒரு நாளில் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேர இடைவெளியில் ஏறும் இந்த நீர், அடுத்த நாள் சுமார் 50 நிமிடம் தள்ளி ஏறுவதால், நேற்று வந்தவர் சொன்ன நேரம் இன்று பயன்படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி. ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் தர்ப்பணத்துக்கு இராமேசுவரத்தில் கூட்டம் நிரம்பி வழிகிறது. நீராடி முடித்தவர்களில் பலர் அப்படியே தனுஷ்கோடிக்கும் வண்டியை விடுகிறார்கள். கூட்டமும் ஓதமும் ஒரே நாளில் உச்சத்துக்கு வருவதை நாட்காட்டியைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

மீனவர்கள் ஆண் கடல் என்று அழைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் பொதுபொதுவென்ற மணல். பெண் கடலான பாக் நீரிணைப் பக்கம், குறிப்பாகத் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை பல இடங்களில், மேலே காய்ந்த பொருக்கும் அடியில் சகதியும். சேற்றில் சக்கரம் இறங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள்தான் அதிகம். சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகி, அதற்குள் நீர் ஊறி, கடைசியில் வண்டியின் அடிவயிறே மண்ணில் உட்கார்ந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆட்களை இறக்கி, டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வாரிவிட்டுப் பனைமட்டையைச் செருகுவார்கள். பம்பரில் கயிற்றைக் கட்டி டிராக்டரால் இழுத்தால் பம்பர் மட்டும் தனியாக வந்து சேரும். இழுப்பதற்கென்று உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும். உப்புநீர் குடித்த பிரேக்கும் வயரிங்கும் பிறகு வைக்கும் செலவு தனிக்கதை.

மீட்க வரும் டிராக்டரும் கரையை உழுதுவிட்டுத்தான் போகிறது. ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கடல் சீற்றம், அறிகுறி இல்லாமல் திடீரென அலை எழும் கள்ளக்கடல் ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகளை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தருகிறது. ஆகவே மாவட்ட நிர்வாகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அன்றன்றைய நீர் ஏறும் நேரத்தை முகுந்தராயர் சத்திரத்திலும் அரிச்சல்முனையிலும், வடக்கே தேவிபட்டினத்திலும், தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சாலையிலிருந்து வண்டிகள் மணலுக்கு இறங்கும் இடங்களில் கல் நட்டு அடைக்க வேண்டும். மீனவர்களின் வண்டிக்கு மட்டும் வழி விட்டால் போதும். அமாவாசை நாட்களிலாவது உள்ளூர் இளைஞர்கள் சிலரைக் கூலி கொடுத்து அங்கே நிறுத்தி, மீட்புக்கு இவ்வளவுதான் கட்டணம் என்று முன்பே அறிவித்துவிட்டால், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நடக்கும் பேரமும் ஒழியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம்.