ஒரு ராத்திரி பொறுக்கச் சொன்னவருக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு, தமிழ்நாடு-கேரள எல்லையோரச் சபை ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எழுதும் நன்றி மடல். ஸ்தோத்திரம்.

கர்த்தர் தந்த வாக்கு என்று சொல்லி எங்கள் பெண்களிடம் ஆதாரும் பாஸ்புக்கும் கேட்டு நடந்த மோசடி களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதைக் கிளற மனமில்லை. விசாரணை நடக்கிற காரியம், ஆள் பெயரும் வேண்டாம். சொல்ல வேண்டிய நன்றியை மட்டும் சூடு ஆறுமுன் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி சந்தைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு. பெயரைப் போட்டால் இனி கடைப்பக்கம் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. ஆதாரும் பாஸ்புக்குமாக எங்கள் பெண்கள் கவுண்டரில் நெருக்கியடித்து நின்றபோது, எதற்கென்று கேட்டார். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும், பிந்தினால் ஆசீர்வாதம் கைமாறிப் போய்விடும் என்றார்கள். "ஆறு மணி தாண்டினா ஆண்டவர் கடையை அடைச்சிருவாரா அக்கா? நாளைக்கி வாருங்கோ, எடுத்துத் தாறேன்" என்று சொல்லி மிஷினை அணைத்துவிட்டார். எதிரே நாலு கடை இருக்கிறது, வியாபாரம் அங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அணைத்தார்.

அந்த ஒரு ராத்திரி கிடைத்ததால்தான் மூத்த அக்காமார் உட்கார்ந்து எரேமியா 29-ஐ முழுசாக வாசித்தார்கள். அன்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த வசனம் அதன் 11-ஆவது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புதுவருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம். அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும், அது அட்டையின் குற்றமல்ல. ஆனால் அதற்கு முந்தின வசனம், சிறைப்பட்டுப் போனவர்களுக்குப் பாபிலோனில் 70 வருஷம் என்கிறது. 8, 9 வசனங்களோ, உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள், நான் அவர்களை அனுப்பவில்லை என்கின்றன. வாக்குத்தத்தத்துக்கு இரண்டு வசனம் மேலே எச்சரிக்கை உட்கார்ந்திருக்கிறது. ஒரு அதிகாரம் பின்னே போனால் அனனியா. பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தர் பேரிலேயே ஆலயத்தில் நின்று சொன்னவன். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 42-ஆம் அதிகாரத்தில், நாங்கள் எந்த வழியில் போகட்டும் என்று ஜனங்கள் எரேமியாவிடம் கேட்கிறார்கள். பதில் வந்தது பத்து நாள் கழித்து. எரேமியாவே பத்து நாள் காத்திருக்க, நமக்கு மட்டும் சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமென்றால், அவசரம் யாருடையது?

இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தபோது, அதே அண்ணன் தாள் காசுகூட வாங்காமல் அடித்துத் தந்தார். அந்தத் தாளில் உள்ளதை இங்கேயும் சொல்லிவிடுகிறோம், மற்ற சபைகளுக்கும் உதவும்.

ஒரு வாக்கு வந்ததாக யாராவது சொன்னால், சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். ஞாபகத்தில் வைத்தால் நம் ஆசைக்கேற்ப அது தானே வளைந்துகொள்ளும். வசனம் சொல்லப்பட்டிருந்தால் அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முன்பின் அதிகாரத்தையும் வாசித்து, யார் யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று ஓரத்தில் குறியுங்கள். மத்தேயு 4-ல் இயேசுவைச் சோதிக்க வந்த சோதனைக்காரனாகிய பிசாசு 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்தான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதியை விட்டுவிட்டான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார், 8-ஆம் அதிகாரத்திலும் 6-ஆம் அதிகாரத்திலுமிருந்து. வசனத்துக்கு வசனம்தான் பதில், ஆனால் இடம் தெரிந்த வசனம்.

பிறகு நாலு கேள்வி. கெடு வைக்கிறார்களா? வீட்டுக்காரரிடமோ போதகரிடமோ சொல்லாதே என்கிறார்களா? பணமோ ஆவணமோ ஓடிபியோ கேட்கிறார்களா? மறுத்தால் சாபம் என்கிறார்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே நிறுத்திவிடுங்கள், நாலும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நெகேமியா 6-ல் செமாயா என்பவன், உன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நெகேமியாவை ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்கிறான். தேவன் இவனை அனுப்பவில்லை, கூலி வாங்கிப் பேசுகிறான் என்று நெகேமியா கண்டுகொள்கிறார். பயமுறுத்திப் பாவஞ்செய்யவைப்பதே அதன் நோக்கம் என்று 13-ஆம் வசனம் சொல்கிறது.

அடுத்து, இரண்டு பேரிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் ஒரே ஜெபக்குழுவாக இருக்கக் கூடாது. ஒரே குரலைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் உறுதிப்படுத்துவார்களே தவிர, சோதிக்க மாட்டார்கள். சொன்ன ஆளிடமே போய் "இது கர்த்தரால் வந்ததா" என்று கேட்பது சோதித்தறிதல் ஆகாது. 1 இராஜாக்கள் 13-ல் தேவனுடைய மனுஷன் விழுந்தது அங்கேதான். கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தூதன் சொன்னான் என்று பொய் சொன்னதும், தனக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளையை விட்டுவிட்டு அவன் பின்னால் போனான்.

அடையாளம் பலித்துவிட்டதே என்பார்கள். உபாகமம் 13 அதற்கும் இடம் வைத்திருக்கிறது: பலித்தாலும் கர்த்தரை விட்டு விலக்கினால் கேட்காதே. பிள்ளையின் பெயர், வீட்டுக் கடன், வளைகுடா விசா எல்லாவற்றையும் எப்படிச் சொன்னார் என்று வியப்பவர்கள், ஜெப விண்ணப்பச் சீட்டில் தாங்களே எழுதியதை நினைத்துப் பார்க்கட்டும். சீட்டில் இனி முதல் பெயரும் விண்ணப்பமும் போதும். போன் நம்பர் வேண்டாம். ஜெபம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடுங்கள். எங்கேயாவது ஆதார் நகல் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், என்ன காரியத்துக்கு, எந்தத் தேதி என்று எழுத்தின்மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இது அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

கடைசியாக, சாப்பிட்டுத் தூங்கியபின் முடிவெடுங்கள். நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசித்தபோதுதான் சோதனைக்காரன் வந்தான். முழு இரவு ஜெபம் முடிந்த விடியற்காலையில் காணிக்கைக் கணக்கு பேச வேண்டாம். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியாவிடம் தூதன் முதலில் சொன்னது, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்பதுதான்.

எல்லாப் பழியையும் வெளியே போடவும் முடியாது. அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்கிறார். தூண்டிலில் மாட்டியிருந்தது மகளின் நர்ஸ் வேலையும் ரப்பர் தோட்டத்து அடமானமும். இப்போது எனக்கு எது வேண்டுமென்று தவிக்கிறேனோ, அதைத் தாளின் மேலே முதல் வரியில் எழுதிவிட்டால், பேசுகிறவர் சரியாக அதையே தொடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

மற்றபடி நன்றி சொல்ல நிறையப் பேர். கூப்பிட்டதும் எல்லை தாண்டி வந்த பாறசாலைப் பக்கத்துப் போதகர், தாளை மலையாளத்தில் எழுதிக் கொடுத்த டீச்சர், கணக்கை நிறுத்திவைக்க ஓடிய பேங்க் பிள்ளைகள், புகார் எழுதித் தந்த வக்கீல், ராத்திரியில் வாடகை வாங்காத ஆட்டோ அண்ணன்மார், கட்டன் சாயா போட்டுக் கொடுத்தே ஓய்ந்துபோன பக்கத்துப் பங்குக் கோயில் இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதலாம்.

சங்கமாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறோம். இனிமேல் இப்படி எதிலாவது சிக்கி வருகிற யாரிடமும் "இவ்வளவு வேதம் படிச்சும் ஏமாந்தியே" என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்கப்பட்டவள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடி எச்சரிக்கையாயிரு என்று கலாத்தியர் 6 சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ண வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பண்ணுகிறோமோ, பணம் கைமாறுமுன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. அவள் வெட்கப்படாமல் அன்றைக்கே நம்மிடம் சொன்னால்தான் அந்தப் போனைப் பண்ண முடியும்.