சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த மண்ணுக்கு ஒரு டர்ஃப் பிட்ச் தாருங்கள்

டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் போட்டிகளை நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 6 அன்று நத்தத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்து, திண்டுக்கல் டிராகன்ஸை 102 ரன்னுக்குச் சுருட்டிக் கோப்பையைத் தூக்கியது. அன்று காரைக்குடியிலும் கைதட்டல் கேட்டது. 2016 முதல் 2019 வரை நான்கு சீசன் திருப்பூர் அணிக்குக் காரைக்குடி காளை என்று பெயர். ஊர் மாறி, பெயர் மாறி, சட்டை மாறிய பிறகும் "நம்ம காளை" என்று சொல்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அணி போனது உரிமையாளர்களின் முடிவு. அதைக் கிளறுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அந்த நான்கு சீசனில் காளை காரைக்குடியில் ஒரு பந்துகூடப் போடவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். போடுவதற்கு ஏற்ற பிட்ச் இங்கே இல்லை. வட்டாரத்துப் பையன்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆடக்கூடிய டர்ஃப் பிட்ச், அதாவது களிமண்ணில் புல் வளர்த்து உருட்டிய பிட்ச், இன்றுவரை இல்லை. ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்துக்குள் பிட்ச் இருந்தால் அது அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு மேட்தான், அதாவது மண் தரையில் விரிக்கும் தேங்காய்நார் விரிப்பு.

அடுத்து வருவது பத்தாவது சீசன். அது தொடங்குவதற்குள் செட்டிநாட்டில் பொதுவான ஒரு மைதானத்தில் ஐந்து டர்ஃப் பிட்ச், அவற்றை உருட்டிப் பராமரிக்க ஒரு டன் ரோலர் ஒன்று, பிட்சைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற கியூரேட்டர் ஒருவர். இவ்வளவுதான் கேட்கிறோம். லீக் ஆட்டம் கேட்கவில்லை. மின்விளக்குக் கோபுரமும் கேலரியும் கேட்கவில்லை.

மேட்டில் ஆடுகிற பையனுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காலை ஆறு மணிக்குச் செம்மண் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கொட்டகையில் சுருட்டி வைத்த தேங்காய்நார் மேட்டைத் தூக்கிவந்து விரிக்கிறார்கள். 66 அடி நீளம், 8 அடி அகலம். ஈரம் பட்டால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். நாலு பக்கமும் இழுத்து இரும்பு முளை அடிக்க வேண்டும். ஒரு முளை தளர்ந்தாலும் மேட்டில் அலை விழும். அந்த அலையில் பட்ட பந்து ஒன்று கணுக்காலுக்கு வரும், இல்லை தாடைக்கு வரும். அடியில் இருப்பது நம்ம ஊர்ச் சரளை. எவ்வளவு பொறுக்கினாலும் கல் மேலே வரும். நாரை மீறித் துருத்தும் கல்லில் பட்டு, புதுப் பந்தின் தோல் பத்து ஓவருக்குள் உரிந்துபோகும். தையல் மழுங்கிய பந்தில் ஸ்விங் எங்கே கற்பது? இரண்டு மூன்று வருடத்தில் மேட் குட் லெங்த்தில், அதாவது பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தில், நைந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழும். கோணி ஊசியும் நைலான் கயிறும் வைத்துத் தைப்பார்கள். தைத்த அந்த இடத்தில் பந்து விழுந்து விழுந்துதான் பந்துவீச்சாளர் விக்கெட் எடுக்கிறார். அது அவருடைய திறமையா, ஓட்டையின் திறமையா என்று யாருக்குத் தெரியும்?

இதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் பந்து எழும்பும். குட் லெங்த்தில் குத்தியது விலாவுக்கு வரும். அதனால் பையன் பின்னங்காலில் நின்றே ஆடப் பழகுகிறான். கட் ஷாட்டும் புல் ஷாட்டும் பிரமாதமாக ஆடுவான். அதே நீளத்தில் டர்ஃபில் குத்தும் பந்து முழங்கால் உயரத்தில் சறுக்கி வரும். மட்டை புல் ஷாட்டுக்குப் போயிருக்கும், பந்து ஸ்டம்பில் இருக்கும். ஸ்பின்னருக்கு நார் பந்தைக் கவ்விக்கொள்வதால், விரலில் வேலை இல்லாமலே ஒரு முழம் திரும்பும். டர்ஃபில் விரலால் முறுக்கினால் மட்டுமே திரும்பும். அந்த முறுக்கைப் பழக அவனுக்குத் தேவையே வந்ததில்லை. வேகப்பந்து வீச்சாளன் நிலைமை இன்னும் மோசம். மேட்டில் ஸ்பைக்ஸ் போட்டால் நார் கிழியும் என்பதால் ரப்பர் ஷூதான். செலக்ஷனுக்குப் போகும் நாளில் முதன்முதலாக ஸ்பைக்ஸ் மாட்டுகிறான். ஊன்றும் கால் தரையில் பிடித்துக்கொள்கிறது, ஓட்டத்தின் அளவு தப்புகிறது, முதல் ஓவரில் இரண்டு நோபால். மேட்டில் பழகிய ஷார்ட் பந்து டர்ஃபில் நின்று வருகிறது, எதிரே இருப்பவன் சிக்ஸர் அடிக்கிறான்.

மேட்டிலிருந்து டர்ஃபுக்குக் காலும் கண்ணும் பழக மூன்று நான்கு வாரமாவது வேண்டும். தேர்வு நெட்ஸில் கிடைப்பதோ பத்து நிமிடம். தேர்வாளர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பார்த்ததைத்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் பார்ப்பது பையனின் ஆட்டத்தை அல்ல, அவன் ஊரில் பிட்ச் இல்லாததைத்தான்.

டர்ஃபில் ஆட வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தேவகோட்டையிலிருந்து, புதுவயலிலிருந்து வருகிறவனுக்கு இன்னும் கூட. பள்ளிக்கூடம் போகும் பையன் வாரத்தில் எத்தனை நாள் போவான்? எத்தனை பெற்றோர் அனுப்புவார்கள்?

செலவு பெரிது, நம்ம ஊர் மண்ணில் புல் நிற்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மண்ணோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்கிறோம்.

செம்மண்ணும் சரளையும் பிட்சுக்கு ஆகாது என்பது உண்மை. அதில் களி குறைவு. பிடித்து நிற்காமல் பொடிந்துவிடும். ஆனால் வண்டல் நம்மிடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கண்மாய். கண்மாய் நடுவில் எடுக்கும் வண்டலை நெல்லிக்காய் அளவு உருட்டி, நிழலில் நாலைந்து நாள் காயவைத்து, கட்டாந்தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். ஓர் ஆள் எடை முழுதும் ஏறியும் நொறுங்காவிட்டால் அது பிட்ச் மண். லேசாக அழுத்தியதுமே தூளானால் மணல் அதிகம், வேறு கண்மாய் பார்க்க வேண்டும். எடுத்த மண்ணைக் கால் அங்குலச் சல்லடையில் சலித்து நத்தை ஓடு, வேர், கோரைக்கிழங்கை எல்லாம் நீக்க வேண்டும். கோரை ஒரு கிழங்கு தப்பினாலும் பிட்ச் முழுக்கப் பரவிவிடும்.

அளவும் சொல்கிறோம். ஒரு பிட்சுக்கு 80 அடி நீளம், 10 அடி அகலம். ஐந்துக்கு 4,000 சதுர அடி. 16 அங்குலம் தோண்டி, அடியில் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 4 அங்குலம் மணல், மேலே 8 அங்குலம் களி. உருட்டிய பிறகு 8 அங்குலம் நிற்க வேண்டுமென்றால் உதிரி மண் 35 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் பன்னிரண்டு லோடு. ஒரு நடுத்தர வீட்டு மனைக்கு மேடு போட அடிக்கிற மண்ணைவிடக் கொஞ்சம்தான் கூட.

தவறு நடப்பது மண்ணைப் போடும் விதத்தில். பன்னிரண்டு லோடையும் ஒரே நாளில் கொட்டிச் சமப்படுத்தி ரோலரை ஓட்டினால் மேலே இரண்டு மூன்று அங்குலம்தான் இறுகும். அடியில் காற்று அப்படியே நிற்கும், பந்து குத்திய இடத்திலேயே செத்துப்போகும். ஒன்றரை அங்குலம் பரப்பு, ஈரம் பார், உருட்டு, மேற்பரப்பைக் கீறிவிடு, அடுத்த ஒன்றரை அங்குலம். இப்படித்தான் ஏற்ற வேண்டும். கீறாமல் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. வெயிலில் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகக் கிளம்பும், வேரும் அந்த இடுக்கோடு நின்றுவிடும். ஈரத்துக்குக் கருவி வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், மண் விரலில் ஒட்டக்கூடாது. அதற்கு மேல் நட வேண்டியது அருகம்புல். பெர்முடா என்று காசு கொடுத்து வாங்குவதும் அந்த இனம்தான். நம் வரப்பில் கிடப்பது. அதன் வேர் மண்ணைக் கட்டுவதோடு, அடி ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து பிட்சை ஒரே சீராகக் காயவைக்கும். போர் தண்ணீரை மட்டும் முதலில் பரிசோதித்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் புல் கருகும்.

இதற்குக் காலம்தான் முக்கியம். இப்போது அடைமழை. தை பிறந்ததும் தோண்டினால் மாசிக்குள் மண் ஏறிவிடும். புல் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம். சித்திரைக் கடைசியில் உருட்டி ஆடலாம். பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் கத்தரி வெயிலில் நாற்றுப்புல் நிற்காது, ஒரு வருடம் போய்விடும். ஆகவேதான் இந்த மடலை இப்போதே எழுதுகிறோம்: பத்தாவது சீசனுக்குள் ஐந்து பிட்ச், ஒரு ரோலர், ஒரு கியூரேட்டர்.

சேப்பாக்கம் மைதானத்துக்கு யார் பெயர் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் அரண்மனை அண்ணாமலைச் செட்டியாரின் மகன், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். அந்தக் கானாடுகாத்தானில் இன்று பந்து பிடிக்கும் பையன் டர்ஃபை டிவியில்தான் பார்க்கிறான். தமிழ்நாட்டின் பெரிய மைதானத்துக்குப் பெயர் கொடுத்த வட்டாரத்தில் 4,000 சதுர அடிப் புல் இல்லை. இதைக் கோபமில்லாமல் எழுத முயன்றோம், முடியவில்லை.

மாவட்டங்களுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுபோகத்தான் இந்த லீக் என்று ஒவ்வொரு சீசனிலும் கேட்கிறோம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜன் 2016-இல் திண்டுக்கல் அணிக்கு ஆடி, மறு ஆண்டே 3 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். போனார். அந்தக் கதை எங்கள் பையன்களுக்கு மனப்பாடம். ஆனால் அவர் கிளப் அணிகளின் டிவிஷன் கிரிக்கெட் ஆடச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது என்பதும் அதே கதையில் இருக்கிறது. இன்றும் அதேதான். திறமை உள்ளவன் பதினாறு பதினேழு வயதில் ஊரை விட்டு, படிப்பை மாற்றிக்கொண்டு, சென்னையில் வாடகை அறை பார்க்க வேண்டும். பெற்றோரிடம் அந்தப் பணம் இருக்கிறவன் போகிறான். இல்லாதவன் கோயில் திருவிழா டோர்னமென்டோடு நின்றுபோகிறான். லீக்கின் ஏலத்தில் ஒரு வீரருக்கு 21.6 லட்சம் கொடுத்த ஆண்டையும் பார்த்தோம். சாய் சுதர்சன் அதற்குத் தகுதியானவர், அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. நடராஜன் தன் ஊரிலேயே மைதானம் கட்டி 2023-இல் திறந்தார். ஒரு தனி வீரர் தன் சம்பாத்தியத்தில் செய்ததை ஒரு லீக் செய்ய ஏன் ஒன்பது சீசன் போதவில்லை?

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பையன்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது.

இடம் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வரட்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. இப்போது மாநகராட்சியும் ஆகிவிட்டது. நீங்கள் எழுத்தில் கேட்டால் நான்கு ஏக்கர் தர இங்கே ஆள் இருக்கிறது. வண்டல் எடுக்க மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கும்போதும், மைதானத்துக்காக என்று உங்கள் கடிதம் ஒன்று இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சலிக்க, சுமக்க, புல் நடக் கூலி வேண்டாம். பையன்கள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம்.

உங்களிடம் தயவாகக் கேட்பது: ஐந்து பிட்ச், ஒரு ரோலர், ஒரு கியூரேட்டர். முதல் படியாகக் கார்த்திகை முடிவதற்குள் மண் பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்பிவையுங்கள். மூன்று கண்மாய் வண்டலை உருண்டை பிடித்துக் காயவைத்திருக்கிறோம். அவர் வந்து மிதித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் மேட் விரித்துப் பயிற்சி கொடுப்பவர்கள்